வாசிப்பு வகுப்பை மீளத் திறவுங்கள்: கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வட கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றில் தரம் 4 இல் கற்கும் மாணவன் ஒருவனின் தாய் நான். வாசிப்பிலும் எழுத்திலும் இடர்ப்படும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்காக அப்பாடசாலையில் நடந்துவந்த பரிகாரக் கற்பித்தல் வகுப்பு, இத்தவணை தொடங்கியபோது நிறுத்தப்பட்டது. அவ்வகுப்பை நடத்திய ஆசிரியைக்கு வருடாந்த இடமாற்றம் கிடைத்தது. அவருடைய இடத்துக்கு எவரும் நியமிக்கப்படவில்லை. வகுப்பு நடந்த சிறிய அறை, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மேலதிக வகுப்புகளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. இம்முடிவு பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்கப்படவில்லை. காரணம் கேட்டுச் சென்ற எங்களுக்குப் பாடசாலையில் ஒரு பதிலும் கல்விப் பணிமனையில் வேறொரு பதிலும் கிடைத்தன. இரண்டு இடங்களிலும் சொல்லப்பட்ட ஆலோசனை மட்டும் ஒன்றாகவே இருந்தது: வசதியிருந்தால் தனியாரிடம் காட்டுங்கள், இல்லையென்றால் பிள்ளையை விசேட கல்வி அலகில் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள்.

இந்த ஆலோசனையை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதையும், மூடப்பட்ட வகுப்பு எங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதையும் எல்லோரும் வாசிக்கக்கூடியதாக எழுதுவது அவசியம் என்று கருதியே இம்மடலை எழுதுகிறேன். பாடசாலையின் பெயரையும் பணிமனையின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. ஓர் அதிபரையோ ஓர் உத்தியோகத்தரையோ குற்றவாளியாக நிறுத்துவது என் நோக்கமன்று. ஆசிரியர் ஒருவர் இடம்மாறியதும் ஒரு வகுப்பே இல்லாமற் போகக்கூடிய ஒழுங்குமுறை இருக்கும் வரையில், இந்நிலை எந்தப் பாடசாலையிலும் ஏற்படலாம்.

என் மகனின் தந்தை புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்கிறார். விடுமுறை நாட்களில் தந்தையோடு அங்கு செல்லும் மகன், கிலோ இன்ன விலை என்றால் இரண்டரைக் கிலோ எவ்வளவு, ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்பதை மனத்திலேயே கணக்கிட்டுச் சொல்லிவிடுவான். அதே கணக்கு மூன்று வரி வசனக் கணக்காக வினாத்தாளில் வந்தால் அவனால் தொடங்கவே முடிவதில்லை. மூன்றாவது வரியை எழுத்துக்கூட்டி முடிக்கும் நேரத்தில் முதலாவது வரியில் என்ன இருந்தது என்பது அவன் நினைவில் இருப்பதில்லை. கதை சொல்வான், கேட்ட பாடத்தைத் திருப்பிச் சொல்வான், சொல்வதெழுதல் கொப்பியில் மட்டும் பத்துச் சொல்லுக்கு இரண்டு சரியாக இருக்கும். முதலாம், இரண்டாம் தரங்களின் தேர்ச்சி அறிக்கைகளில் அவனைப் பற்றி எழுதப்பட்டவை "கவனம் போதாது", "வீட்டில் வாசிக்கப் பழக்கவும்" என்பவையே. வீட்டில் ஒவ்வோர் இரவும் அவன் அழுதழுது வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.

வாசிப்பு இடர்பாடு, அதாவது டிஸ்லெக்சியா, அறிவுக் குறைபாடும் அல்ல, சோம்பலும் அல்ல, பார்வைக் கோளாறும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளில் அதன் வேர், பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்தும் மூளையின் செயற்பாட்டில் இருக்கிறது. அது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. 1896 ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், எண்கணிதத்தில் தடையேதும் இல்லாத, ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பாடசாலையிலேயே மிகக் கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அச்சிறுவனின் ஆசிரியர் கருதியதையும் அவர் அதில் பதிவுசெய்திருக்கிறார். அதை வாசித்தபோது என் மகனைப் பற்றியே யாரோ எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றியது. மருத்துவ உலகம் இதை அறிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதமானோருக்கு இவ்விடர்பாடு ஏதோ ஓர் அளவில் இருப்பதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர். அப்படியாயின் ஒவ்வொரு வகுப்பறையிலும் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் நாட்டில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. எடை, உயரம், கண், காது, பல் எல்லாம் பார்க்கப்படுகின்றன. அது பெரிய காரியம், அதை நான் நன்றியோடு சொல்கிறேன். என் மகனும் அதில் பரிசோதிக்கப்பட்டான், கண்ணும் காதும் நன்றாக இருந்தன. ஆனால் பிள்ளை பாடசாலைக்கு எதற்காக வருகிறதோ அந்த வாசிப்பு எப்படியிருக்கிறது என்பதை முறையாகப் பார்ப்பதற்கு அதற்கு நிகரான ஏற்பாடு எதையும் அவனுடைய பாடசாலையில் நான் காணவில்லை. ஆரம்பப் பிரிவில் பிள்ளைகள் ஆண்டுதோறும் அடுத்த தரத்துக்கு ஏற்றப்படுகிறார்கள். யாரையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, அது பிள்ளையை இன்னும் நோகடிக்கும். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஏற்றிவிடும்போது அவனோடு ஓர் உதவியும் கூடவே செல்ல வேண்டும். தரம் 3 இல் அவனுக்குக் கற்பித்த வகுப்பாசிரியைதான் முதன்முதலில் என்னை அழைத்து, "இவன் படிக்காமல் இருக்கவில்லை அம்மா, இவனுக்கு வேறு முறையில் படிப்பிக்க வேண்டும்" என்றார்.

அதன் பிறகு அரச வைத்தியசாலையொன்றுக்கு மகனை அழைத்துச் சென்றேன். நீண்ட காத்திருப்பின் பின்னர் மதிப்பீடு நடந்தது. மருத்துவர் பொறுமையும் அன்பும் உள்ளவர். ஆனால் வாசிப்பைச் சோதிக்க அவன் முன் வைக்கப்பட்ட சொற்பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. கேள்விகளும் விளக்கங்களும் சிங்களத்தில் இருந்தன. நான் இடையில் இருந்து மொழிபெயர்த்தேன். தமிழில் வாசிக்கக் கற்கும் பிள்ளையின் தமிழ் வாசிப்பை அளப்பதற்குத் தன்னிடம் பொருத்தமான கருவி இல்லை என்பதை அம்மருத்துவரே வருத்தத்தோடு கூறினார்.

இதைத் தாங்கள் சிறிய நிர்வாகக் குறைபாடாகக் கருதிவிடக் கூடாது. தமிழ் வாசிப்பில் பிள்ளை தடுமாறும் இடங்கள் ஆங்கில வாசிப்பில் தடுமாறும் இடங்கள் அல்ல. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான தொடர்பு ஒழுங்கற்றது. அதனால் இடர்ப்படும் பிள்ளை சொற்களைப் பிழையாக வாசிக்கும், அந்தப் பிழை காதில் விழும், ஆசிரியர் கவனிப்பார். எழுத்தும் ஒலியும் நெருங்கிப் பொருந்தும் மொழிகளில் அதே இடர்பாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக்குறைவாகவே அதிகம் வெளிப்படுகிறது என்பதை இத்தாலியம், ஜேர்மன், பின்னிஷ் போன்ற மொழிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழும் பெருமளவுக்கு அத்தகைய மொழிதான். எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்து முடிக்கும் பிள்ளையைப் பார்த்து, வாசிக்கிறான், கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறான், போகப் போகச் சரியாகிவிடும் என்று நாம் விட்டுவிடுகிறோம். அந்த மெதுவான வாசிப்புக்குள் அவன் முழுச் சக்தியும் செலவாகி, பொருளை விளங்கிக்கொள்ள எதுவும் மிஞ்சாமற் போவதை எவரும் காண்பதில்லை.

எழுத்து முறையும் அப்படித்தான். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளைப் பிள்ளை பழக வேண்டும். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் ஒரே உயிரொலியின் குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கௌ' என்பதன் இறுதிப் பகுதி 'ள' என்ற தனி எழுத்தைப் போலவே இருக்கிறது. கு, சு, டு, து, மு என்பவற்றில் ஒரே உகரம் வெவ்வேறு வடிவங்களை எடுக்கிறது. ஒரே 'க', பக்கம் என்பதில் ஒருவிதமாகவும் சங்கம் என்பதில் வேறுவிதமாகவும் பகல் என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் கொழும்பில் வளரும் பிள்ளை தன்னைச் சுற்றியுள்ளவர்களின் பேச்சில் எப்போதும் வேறுபடுத்திக் கேட்பதில்லை. காதால் பிரித்துணராததைக் கண்ணால் மட்டும் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. இவற்றோடு வீட்டில் பேசும் தமிழும் பாடநூலின் தமிழும் வெகு தூரத்தில் இருக்கின்றன. சாதாரணப் பிள்ளைகள் இவை எல்லாவற்றையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தாமாகவே கடந்துவிடுகிறார்கள். வாசிப்பு இடர்பாடு உள்ள பிள்ளைக்கு இவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே, ஒழுங்குமுறையோடு, பலமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆங்கிலச் சொற்பட்டியல் இவற்றில் ஒன்றையேனும் சோதிக்காது.

கொழும்பின் தமிழ் வகுப்பறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வடக்குக் கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள், மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்தவர்கள், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள், வீட்டில் தமிழும் ஒழுங்கையில் சிங்களமும் பேசும் குடும்பங்கள் என எல்லோருடைய பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பிள்ளை வாசிக்காவிட்டால், வீட்டில் தமிழ் சரியில்லை, தாய் தகப்பனுக்குப் படிப்பில்லை, சிங்களம் கலந்துவிட்டது என்று ஒரு காரணம் எப்போதும் கையில் கிடைத்துவிடுகிறது. அக்காரணங்கள் ஒருசில பிள்ளைகளுக்குப் பொருந்தவும் கூடும். ஆனால் அவை தேடலை நிறுத்திவிடுகின்றன என்பதே என் முறைப்பாடு.

இனி, மூடப்பட்ட அந்த வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், வெவ்வேறு தரங்களைச் சேர்ந்தவர்கள், வாரத்தில் சில பாடவேளைகள் தம் வகுப்பிலிருந்து அந்த அறைக்குச் செல்வார்கள். ஆசிரியை விசேட கல்வியில் பயிற்சி பெற்றவர். அவர் எந்த எழுத்தையும் அதனோடு மயங்கும் எழுத்தோடு சேர்த்துக் கற்பிக்கமாட்டார். 'ர' நன்றாக ஊன்றிய பின்னர், பல வாரங்கள் கழித்தே 'ற' வரும். மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதவைப்பார், எழுதும்போதே அந்த ஒலியை உரத்துச் சொல்லவைப்பார். சொல்லைக் கேட்டதும் அதிலுள்ள ஒலிகளுக்குக் கைதட்டி எண்ணவைப்பார். வாசிக்கும்போது ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையில் வெட்டிய சாளரத்தைப் பக்கத்தின்மேல் வைத்து நகர்த்தக் கற்றுக்கொடுப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கொப்பி ஒன்று வைத்து, எந்த எழுத்து வந்துவிட்டது, எது இன்னும் மயங்குகிறது, அடுத்த வாரம் எதைத் தொடவேண்டும் என்று குறித்துவந்தார். பெற்றோரை அழைத்து, வீட்டில் கால் மணி நேரம் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று காட்டினார். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக ஒரே பக்கத்தை இருபது தடவை எழுதவைப்பது அந்தச் செய்யக்கூடாதவற்றில் முதலாவது. அட்டை, மணல், வண்ணத்தாள் ஆகியவற்றுக்கான செலவை அவரும் நாங்களும் பகிர்ந்துகொண்டோம். பாடசாலைக்கு அதனால் பெருஞ்செலவு எதுவும் ஏற்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அற்புதங்கள் நடக்கவில்லை. இவ்விடர்பாடு மருந்து குடித்து மாறுகிற நோயல்ல, வளர்ந்த பின்னும் ஓரளவு கூடவே இருக்கும். ஆனால் என் மகன் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடநூலில் ஒரு பக்கத்தைத் தானாகவே வாசித்து, அதிலிருந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதுவரையில் அவன் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்டதே இல்லை. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறுமிக்குப் பாடசாலை நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி வரும், வார இறுதியில் வராது. அவ்வகுப்பில் சேர்ந்த பிறகு அது நின்றுபோனது. வகுப்பு மூடப்பட்டதை அறிந்த வாரத்திலேயே அந்த வயிற்றுவலி திரும்பிவிட்டதாக அவளுடைய தாய் சொன்னார். என் மகனை மற்றப் பிள்ளைகள் 'மொக்கன்' என்று அழைப்பதும் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

எங்களுக்குத் தரப்பட்ட விளக்கங்களில் முதலாவது, பரிகாரக் கற்பித்தல் ஒவ்வொரு வகுப்பாசிரியரின் கடமை, அதற்குத் தனி அறையோ தனி ஆசிரியரோ தேவையில்லை என்பது. கொள்கையளவில் அது சரி. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்திலிருந்தே அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை எல்லாப் பிள்ளைகளும் அடைய வேண்டும் என்று பேசப்படுகிறது. ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு, பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தோடு, இவ்விடர்பாடு பற்றிய பயிற்சி எதுவும் பெறாமல் நிற்கும் ஆசிரியையிடம், மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாகக் கற்பியுங்கள் என்று சொல்வது கடமையை நினைவூட்டுவதாகாது, அவரையும் பிள்ளையையும் கைவிடுவதாகும். வகுப்பாசிரியர் செய்யக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது, பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய பகுதி ஒன்றும் இருக்கிறது. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுத்தக் கூடாது.

விசேட கல்வி அலகு என்ற ஆலோசனை எனக்கு மிகுந்த வேதனை தந்தது. அந்த அலகுகளில் கற்கும் பிள்ளைகளையோ அங்கு கற்பிப்பவர்களையோ நான் தாழ்வாகக் கருதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஓட்டிசம் முதலியவற்றோடு வாழும் பிள்ளைகளுக்கு அவ்வலகுகள் செய்யும் பணி பெரியது, அவற்றுக்கும் இன்னும் வசதிகள் தேவை. ஆனால் வயதுக்கேற்ற அறிவும் வாசிப்பில் மட்டும் தடையும் உள்ள பிள்ளையை அங்கு அனுப்பினால், அவன் கணிதத்தையும் சுற்றாடல் பாடத்தையும் தன் வயதுப் பிள்ளைகளோடு கற்கும் வாய்ப்பை இழப்பான். அந்த அலகுக்கு உரிய பிள்ளை ஒருவருக்குரிய இடத்தையும் எடுத்துக்கொள்வான். உட்படுத்தல் கல்வி என்று நாம் எல்லோரும் பேசுவது, பிள்ளை தன் வகுப்பில் இருக்க உதவி அவனைத் தேடி வருவதைத்தானே.

புலமைப்பரிசில் பரீட்சை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அப்பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்கும் அறை வேண்டும், அவர்களின் பெற்றோரும் எங்களைப் போன்றவர்களே. அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு சிறிய அறையைப் போட்டியாக வைத்ததுதான் தவறு. ஒரு பாடசாலையின் பெயர் புலமைப்பரிசில் பெறுபேற்றால் மட்டுமே அளக்கப்படுமானால், வெட்டுப்புள்ளிக்கு அருகில் உள்ள பிள்ளைக்கே நேரமும் இடமும் போகும். வாசிக்கவே தடுமாறும் பிள்ளை கணக்கில் வரமாட்டான். அதிபர்களை அந்த நெருக்குதலுக்குள் வைத்திருப்பது மேலிருந்து வரும் எதிர்பார்ப்புத்தான். ஆகவே அதைத் திருத்தக்கூடியவர்களும் தாங்களே.

தனியாரிடம் காட்டலாம் என்ற ஆலோசனை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் பாருங்கள். கொழும்பில் தனியார் நிலையங்கள் இருக்கின்றன. கட்டணம் பெறும் ஆங்கிலமொழிமூலப் பாடசாலைகள் சிலவற்றில் கற்றலுக்குத் துணைசெய்யும் பிரிவுகளும் இருக்கின்றன. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் நாட்கூலிக்கும் சிறு சம்பளத்துக்கும் வேலை செய்யும் குடும்பங்களால் அக்கட்டணத்தைச் செலுத்த முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாப்பாட்டுச் செலவைக்கூடச் சுருக்கிக்கொண்ட வீடுகள் இவை. பணம் திரட்டினாலும் அங்கு கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில வழி உதவியே. தமிழில் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு உதவி வேண்டுமானால் தமிழை விட்டுவிட வேண்டும் என்ற நிலை இந்நாட்டின் தலைநகரில் இருக்கலாமா? தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை தருகிறது. அந்த உரிமை வேகமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தரப்பட்டதல்ல.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகவே என் தாயும் நானும் வாசிக்கக் கற்றோம். 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது இன்று பெற்றோரின் சட்டக் கடமை. அந்தக் கடமையை நாங்கள் செய்கிறோம். அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதையும் எல்லோருக்கும் கல்வியில் சமவாய்ப்பை உறுதிசெய்வதையும் அரசின் குறிக்கோள்களுள் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 24 ஆம் உறுப்புரை, பொதுக் கல்வி முறைக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் தேவையான துணையை வழங்கும்படி கேட்கிறது. ஆனால் இயலாமையுடையவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான எங்கள் நாட்டின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டினால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ள முழுமையாகவோ பகுதியாகவோ இயலாதவர் என்ற வகையிலேயே இயலாமையுடையவரை வரையறுக்கிறது. என் மகன் தானே குளிப்பான், தானே உண்பான், கடைக்குப் போய் மீதிப்பணத்தைச் சரியாக எண்ணிக்கொண்டு வருவான். அவ்வரையறைக்குள் அவன் எளிதில் அடங்கமாட்டான். அதேவேளை பாடசாலையில் ஏனைய பிள்ளைகளோடு ஒரே வேகத்தில் செல்லவும் அவனால் முடியாது. சட்டத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் விடப்பட்டிருக்கும் இப்பிள்ளைகளுக்கு, அந்த ஓர் அறையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

ஆகவே தங்களிடம் பின்வருவனவற்றைக் கேட்கிறேன்.

இத்தவணைக்குள் அவ்வகுப்பு மீளத் தொடங்கப்பட வேண்டும். அறை இல்லையென்றால் நூலகத்தின் ஒரு மூலை போதும், ஆனால் பயிற்சி பெற்ற தமிழ்மொழிமூல ஆசிரியர் ஒருவர் வேண்டும். நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகமும் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் விசேட கல்வியில் பயிற்சி வழங்குகின்றன. அவ்வாறு பயிற்சி பெற்றவர்கள் வேறு பாடங்களைக் கற்பித்துக்கொண்டிருக்கும் பாடசாலைகள் இருந்தால் அவர்களை அவர்களுடைய துறைக்கே திருப்புங்கள். இத்தகைய வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கு இடமாற்றம் வழங்கும்போது, பதில் ஆசிரியர் பொறுப்பேற்று, ஒவ்வொரு பிள்ளையின் பதிவுக் கொப்பியும் கையளிக்கப்பட்ட பின்னரே அவர் விடுவிக்கப்பட வேண்டும் என்று எழுத்துமூலம் பணியுங்கள். இடமாற்றம் ஆசிரியரின் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. வகுப்புத் தொடர்வது பிள்ளையின் உரிமை.

தரம் 1 இன் இறுதியிலும் தரம் 2 இன் நடுவிலும் ஒவ்வொரு பிள்ளையின் தமிழ் வாசிப்பையும் வகுப்பாசிரியரே சில நிமிடங்களில் பார்க்கக்கூடிய எளிய கருவியொன்று உருவாக்கப்பட வேண்டும். அது ஆங்கிலத்திலிருந்தோ சிங்களத்திலிருந்தோ பெயர்க்கப்பட்டதாக இருக்கக் கூடாது. தமிழ் எழுத்துமுறையை அறிந்த ஆரம்பக் கல்வி ஆசிரியர்களும் தமிழ் பேசும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களும் சேர்ந்து உருவாக்கியதாக இருக்க வேண்டும், சரியாக வாசிக்கிறானா என்பதோடு எவ்வளவு நேரத்தில் வாசிக்கிறான் என்பதையும் அளக்க வேண்டும். அதில் பின்தங்கும் பிள்ளைக்கு உதவி உடனே தொடங்க வேண்டும், வைத்தியசாலை அறிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது. முதலிரு ஆண்டுகளில் கொடுக்கப்படும் உதவி, பிந்திக் கொடுப்பதைவிடக் கூடிய பயன் தரும்.

தவணைப் பரீட்சைகளில் இப்பிள்ளைகளுக்கு வினாவை வாசித்துக் காட்டவும், மேலதிக நேரம் கொடுக்கவும், வாய்மொழி விடையை ஏற்கவும், கணிதத்திலும் சுற்றாடல் பாடத்திலும் எழுத்துப் பிழைக்காகப் புள்ளி குறைக்காமல் இருக்கவும் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்புங்கள். இதற்குப் பணமோ கட்டடமோ தேவையில்லை, சுற்றுநிருபம் ஒன்றே போதும். அரச பரீட்சைகளில் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் உண்டு. வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைக்காக அதற்கு எப்போது, யாரிடம், எந்த ஆவணங்களோடு விண்ணப்பிப்பது என்பதைத் தமிழில் தெளிவாக எழுதி, தரம் 4 இலேயே பெற்றோரின் கைகளில் கொடுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் கேள்விப்பட்டு எதையும் செய்ய முடிவதில்லை.

முறையான மதிப்பீடும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் இல்லாமல், வாசிப்பில் மட்டும் பின்தங்கிய எந்தப் பிள்ளையையும் விசேட கல்வி அலகுக்கு மாற்றும்படி பெற்றோருக்கு ஆலோசனை கூற வேண்டாம் என்று பாடசாலைகளுக்குத் தெரிவியுங்கள்.

கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இன்று அத்துறையில் கற்பிக்கிறார்கள், பரிகாரக் கற்பித்தல் வகுப்புகள் எத்தனை பாடசாலைகளில் நடக்கின்றன என்ற விபரங்களை வெளியிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதற்கான விண்ணப்பத்தைப் பெற்றோர் சிலர் சேர்ந்து தயாரித்துவருகிறோம். விண்ணப்பம் கிடைத்ததும் 14 வேலை நாட்களுக்குள் அதைப் பற்றிய தீர்மானத்தைச் சட்டம் எதிர்பார்க்கிறது. அதற்கு முன்னரே தாங்களாக வெளியிட்டால் அந்த விண்ணப்பத்துக்குத் தேவை இருக்காது.

இறுதியாக, இவ்வகுப்பின் பிள்ளைகளுடைய பெற்றோரையும் அதை நடத்திய ஆசிரியையையும் ஒன்றாக அழைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். எங்களில் பலர் நாட்கூலி வேலைக்குச் செல்பவர்கள், ஆகவே அதை ஒரு சனிக்கிழமையில் வையுங்கள். பிள்ளைகளின் கொப்பிகளை, வகுப்புத் தொடங்குவதற்கு முந்தியவற்றையும் பிந்தியவற்றையும், நாங்கள் கொண்டுவருவோம். கூட்டத்தின் திகதியையும், மேலே கேட்டவற்றில் எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய இயலாது, இயலாதவற்றுக்குக் காரணம் என்ன என்பதையும் இத்தவணை முடிவதற்கு முன்னர் தமிழில், எழுத்துமூலம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக எங்களுக்கு அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
தரம் 4 மாணவன் ஒருவனின் தாய்,
மட்டக்குளி, கொழும்பு 15.